நேற்று வரை நல்லாய் நின்ற மரம்

மரம் விழுந்த இடத்தில் கூடுகிறவர்கள் சொல்லுவது எங்கும் ஒரே வார்த்தைதான்: “நேற்று வரைக்கும் நல்லாத்தானே நின்றது!” இலங்கையின் கிழக்குக் கரையில் திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும், வடக்கே அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை வரைக்கும், மாரி முற்றிய காலத்தில் இந்தப் பேச்சு எழாத தெரு குறைவு. காற்று அடித்து விழுந்தால் காற்றில் பழியைப் போட்டுவிடலாம். காற்றே இல்லாத வேளையில், இலை பச்சையாய், காயும் பூவுமாய் நின்ற மரம் மதிலையும் மின்கம்பியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படுத்துவிட்டால் பழி போட ஆள் கிடைப்பதில்லை. கண்ணூறு என்பார்கள், விதி என்பார்கள், வேறு சிலர் “வயசு போன மரம்தானே” என்று முடித்துவிடுவார்கள்.

2023 ஒக்டோபர் 6ஆம் திகதி காலை கொழும்பு கொள்ளுப்பிட்டியில், தெனியாயவுக்குப் புறப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ்ஸின் மேல் வீதியோர மரமொன்று விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். மழைக்காலம். 2017 பெப்ரவரி 11ஆம் திகதி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் 270 வயதும் சுமார் 40 மீற்றர் உயரமும் கொண்ட தெம்புசு மரம் வேரோடு சாய்ந்து, இந்தியப் பெண் ஒருவர் உயிரிழந்தார். மரங்களுக்கு வைத்தியம் பார்ப்பதில் ஆசியாவில் முன்வரிசையில் நிற்கும் நகரம் அது. ஐந்து மாதம் முன்னர்தான் அந்த மரத்தைச் சோதித்து, நல்ல நிலையில் இருப்பதாகக் குறித்திருந்தார்கள். மண்ணுக்குள் வேர் உக்கியிருந்தது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதே ஆண்டு ஓகஸ்ட் 15ஆம் திகதி, போர்த்துக்கலுக்குச் சொந்தமான மதெய்ரா தீவில் மாதா திருவிழாவுக்குக் கூடிய சனத்தின் மேல் சுமார் 200 வயது ஓக் மரம் விழுந்து 13 பேர் மாண்டார்கள். அன்று புயலுமில்லை, மழையுமில்லை.

மூன்று விபத்திலும் வானிலை வேறு வேறு. காற்றும் மழையும் கடைசியாகக் கொடுக்கும் தள்ளு மட்டுமே. அந்தத் தள்ளுக்கு மரத்தைத் தயார் செய்த வேலை வெகுகாலம் முன்னரே நடந்து முடிந்திருக்கும். மரம் நலமா என்று நாம் இலையைப் பார்த்துச் சொல்லுகிறோம். நிற்குமா விழுமா என்பதோ அடியில் தீர்மானமாகிறது. அடியில் நடந்தது இலையில் தெரிய ஐந்து வருடமும் ஆகலாம், பதினைந்து வருடமும் ஆகலாம். தெரியாமலே போவதும் உண்டு.

முதலில் இலையின் சாட்சியத்தை எடுத்துக்கொள்வோம். மரத்தின் உயிர் ஓட்டம் தோலுக்கு அடுத்த வெளிவட்டத்தில் நடக்கிறது. தண்ணீர் ஏறுவது அங்கேதான். உள்ளே இருக்கும் வயிரம் உயிரற்ற பகுதி; அதற்குத் தாங்குகிற வேலை மட்டும். ஆகையால் வயிரம் முழுவதும் உக்கிப் பொந்தானாலும் இலைக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், மரம் பூக்கும், காய்க்கும். வேரிலும் அப்படித்தான். தண்ணீர் உறிஞ்சும் வேர்கள் மயிர்போல் மெல்லியவை. மரத்தைப் பிடித்து வைத்திருப்பவை தடித்த வேர்கள். தடித்த வேரில் பாதி போனபின்னும் எஞ்சிய பக்கத்து மெல்லிய வேர்களால் மரம் தலையைப் பச்சையாக வைத்துக்கொள்ளும். ஒருவகையில் அந்தப் பச்சையே ஆபத்து. இலை உதிர்ந்த மரத்தில் காற்று ஊடுருவிப் போகும். அடர்ந்த தலையில் அது முட்டித் தள்ளும்.

பொந்து மரம் என்றாலே வெட்டவேண்டும் என்பதும் தவறு. சைக்கிளின் பார் உள்ளே வெறுங்குழாய்தான், ஆனாலும் இரண்டு பேரைத் தாங்குகிறது. வளைவைத் தாங்கும் பலத்தில் பெரும்பங்கு வெளிச் சுவரில் இருப்பதே காரணம். கணக்குப் பார்த்தால், அடிமரத்தின் விட்டத்தில் பாதி பொந்தானால் போவது 6 வீதப் பலம் மாத்திரம். பொந்து 70 வீதமானால் இழப்பு 24 வீதம். 90 வீதமானால் 66 வீதம். ஆரம்பத்தில் ஒன்றும் ஆகாததுபோல் இருந்து, கடைசிக் கட்டத்தில் தலைகுப்புற இறங்குகிறது இந்தக் கணக்கு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் முறிந்த மரங்களை ஆராய்ந்த கிளவுஸ் மத்தெக், எஞ்சிய சுவரின் தடிப்பு ஆரத்தில் மூன்றிலொரு பங்குக்குக் கீழே போனால் எச்சரிக்கை என்று ஒரு வழிகாட்டி வைத்தார். அதை வேதவாக்காகப் பிடிக்க முடியாது. பக்கத்தில் வாய் திறந்த பொந்து அதற்கு முன்பே முறியக்கூடும். ஆனாலும் உள்ளே பொந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நூறு வருட மரத்தைச் சரிப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டலாம்.

முறிவதைவிட வேரோடு சாய்வதுதான் நம் கரையில் கூடுதல். அதற்குக் காரணம் நாம் நிற்கும் நிலம்.

பெரிய மரத்துக்கு உயரமளவு ஆழத்தில் ஆணிவேர் இறங்கியிருக்கும் என்று பள்ளிக்கூடப் படத்தைப் பார்த்து நம்பிவிட்டோம். கன்றில் ஆணிவேர் உண்மைதான். முதிர்ந்த மரத்தில் அது பெரும்பாலும் நின்றுபோகும், அல்லது மற்ற வேர்களுக்குள் மறைந்துபோகும். வேர்களில் மிகப் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒரு மீற்றருக்குள் கிடையாகப் படர்ந்து கிடக்கிறது. கிளை நிழல் முடியும் இடத்தையும் தாண்டிப் போகிறது. அடிமரத்தைச் சுற்றிச் சில மீற்றருக்குள் இருக்கும் தடித்த வேர்களும் அவை கவ்விய மண்ணும் சேர்ந்த பாரம்தான் மரத்தை நிறுத்தி வைக்கிறது. விழுந்த மரத்தின் அடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: செங்குத்தாக எழும்பி நிற்கும் அந்த மண்சுவர் அகலமாய் இருக்கும், தடிப்பு ஓர் ஆள் உயரம்கூட இராது.

திருக்கோவில் கடலுக்கும் களப்புக்கும் இடையில் கிடக்கும் மணல். இங்கே நன்னீர் ஆழத்தில் இல்லை. மாரியில் கிணற்றில் வாளியைக் கையால் எட்டி அமிழ்த்தலாம் போல் தண்ணீர் ஏறிவரும். வேருக்குக் காற்று வேண்டும். வருடத்தில் பல மாதம் நீரில் ஊறிக்கிடக்கும் மட்டத்துக்குக் கீழே பெரும்பாலான மரங்களின் வேர் இறங்காது. ஆகவே மேட்டுநிலத்து மரத்தைவிட நம் வளவு மரம் ஆழம் குறைந்த வேர்ப்பாரத்தோடு நிற்கிறது. மணலின் பலமோ மணிக்கு மணி உராய்ந்து பிடிப்பதில் இருக்கிறது. இடையில் தண்ணீர் நிரம்பினால் அந்த உராய்வு குறையும், மண்ணின் பாரமும் குறைந்ததுபோல் ஆகும். 2011 ஜனவரியில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் பெய்ததைப்போல் நாட்கணக்கில் விடாது பெய்யும் மழையில், நிலம் மரத்தைப் பிடித்திருக்கும் பிடி பாதியாய்த் தளர்கிறது. அந்த நேரத்தில் பெருங்காற்று தேவையில்லை. மழை விட்டு வெயில் எறித்த மறுநாள் மரம் விழுவதன் சூட்சுமமும் இதுதான்: வானம் வெளித்துவிட்டது, நிலம் இன்னும் வெளிக்கவில்லை. மழையின்போது சற்றே அசைந்து அறுபட்ட வேர்களோடு நின்ற மரம், தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லச் சாய்ந்து முடிக்கிறது.

காற்றைப் பற்றி இரண்டு விசயம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் தள்ளு ஏறத்தாழ நான்கு மடங்காகும். மரம் வளைந்து இலையை ஒடுக்கிக் கொஞ்சம் தப்பிக்கொள்ளும், முழுதாய்த் தப்பாது. இரண்டாவது, மரம் தனக்குப் பழக்கமான காற்றுக்கு ஏற்ப வேர் வைக்கிறது. ஆட்ட ஆட்ட வேரும் அடியும் தடிக்கும். வருடந்தோறும் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்த மரம் மேற்கிலிருந்து வரும் தள்ளைத் தாங்கப் பழகியிருக்கும். புயல் அந்தப் பழக்கத்தை மதிப்பதில்லை. 1978 நவம்பர் 23ஆம் திகதி கிழக்குக் கரையைத் தாக்கிய சூறாவளியை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சூறாவளியின் கண் கடக்கிற இடத்தில் காற்று ஒரு திசையில் அடித்து, சற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். முதல் அடியில் ஒரு பக்க வேர் தளர்ந்த மரம் இரண்டாம் அடியில் மறுபக்கம் சரியும். மட்டக்களப்பிலும் அதைச் சூழவும் அந்த ஓரிரவில் போன தென்னைகளுக்குக் கணக்கில்லை.

அதிலிருந்து இன்னொன்று தொடர்கிறது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நம் கரையில் இன்று ‘பழைய மரம்’ என்று நிற்பவற்றில் கணிசமானவை 1978க்குப் பின் நட்டவை அல்லது தானாக முளைத்தவை. 2004 சுனாமிக்குப் பின் கரையோரம் நட்ட சவுக்கு இன்னொரு தலைமுறை. ஒரே வயதுக் கூட்டம் ஒரே காலத்தில் முதிரும். சவுக்கு வேகமாய் வளரும், நெடுங்காலம் இருப்பதில்லை. அடுத்த இருபது வருடத்தில் ‘திடீரென்று’ விழும் மரங்கள் கூடினால் அதில் ஆச்சரியப்பட எதுவும் இருக்காது.

இவை நிலமும் காலமும் செய்தவை. நாங்கள் செய்வது கூடுதல்.

வெள்ளம் ஏறும் பள்ள வளவுக்குக் கிரவல் போட்டு நிரப்புவது இந்தக் கரையில் வீடு கட்டுகிறவர் செய்யும் முதல் வேலை. லொறி வந்து கொட்டும், மண்வெட்டியால் பரவி, உருளை போட்டு இறுக்குவார்கள். நடுவில் நிற்கும் வேம்பையோ புளியையோ வெட்ட மனம் வராது. ‘நிழலுக்கு நிற்கட்டும்’ என்று அதன் அடியைச் சுற்றியும் இரண்டு அடி உயரத்துக்குக் கிரவல் ஏறும். மரத்தைக் காப்பாற்றியதாக எண்ணம். அன்றைக்கே மேல்மண்ணில் கிடந்த வேருக்குக் காற்று அடைபட்டது. புதைந்த அடிமரத்தின் தோல் எப்போதும் ஈரத்தில் கிடந்து உக்கத் தொடங்குகிறது. மரம் உடனே சாகாது. நான்கைந்து மாரி கடக்கும், உச்சிக் கொப்பு ஒன்றிரண்டு காயும், பிறகு ஒரு நாள் விழும். கிரவல் கொட்டியதை அதற்குள் வீட்டுக்காரரே மறந்திருப்பார். நல்ல மரத்தின் அடி, நிலத்தோடு சேரும் இடத்தில் அகன்று வேராய்ப் பிரிவது கண்ணுக்குத் தெரியவேண்டும். தந்திக் கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்குகிற மரத்தை ஒருமுறை தோண்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது வடிகான். வீதியை அகலிக்கும்போதும் கான் வெட்டும்போதும் மரத்துக்கு மூன்று நான்கு அடி தள்ளி நேர்கோடாய் இயந்திரம் தோண்டும். தொடையளவு வேர்கள் ஒரே பக்கத்தில் வரிசையாய் அறுபடும். பிறகு கொங்கிறீட் போட்டு மூடினால் வெட்டு மறைந்துபோகும். வெட்டுவாயில் பூஞ்சணம் தன் வேலையைத் தொடங்கும். மரம் இனி மூன்று காலில் நிற்கும் நாற்காலிதான், வெளியே தெரியாது. சென்னை கே.கே. நகரில் 2022 ஜூன் 24ஆம் திகதி ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் மரம் விழுந்து வங்கி மேலாளர் ஒருவர் இறந்தபோது, அருகே நடந்த மழைநீர் வடிகால் வேலைதான் காரணமா என்று பெரிய வாதப்பிரதிவாதம் எழுந்தது. அந்த ஒரு மரத்தின் வழக்கு எப்படி முடிந்தாலும், கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. உணவு தரும் மரங்களைக் காக்க வந்த சட்டம் அது. மரத்தை வெட்ட அனுமதி கேட்டு அலைபவர்களைக் கண்டிருக்கிறேன். வேரை வெட்ட அனுமதி கேட்ட ஒருவரையும் நான் கண்டதில்லை.

வெட்டுப்பட்ட இடத்தை மரம் ஆற்றிக்கொள்ளும் என்பது நம் எண்ணம். அமெரிக்க வனத்துறையின் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காய்ப் பிளந்து பார்த்து, 1970களில் வேறொன்று சொன்னார்: மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, பழுதான பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாய் வளர்கிறது. சிறு காயம் அடைபடும். பெரிய காயம், அதுவும் முதிர்ந்த மரத்தில், அடைபடுவதற்குள் உக்கல் உள்ளே போய்விடும். அதனால்தான் மின்கம்பிக்காகவோ பயத்தினாலோ மரத்தின் தலையை மொட்டையாய் வெட்டுவது அடுத்த விபத்துக்கு முற்பணம் கட்டுவது போன்றது. வெட்டிய முண்டத்தில் உக்கல் இறங்கும். அதே முண்டத்திலிருந்து கும்பலாய்ப் புதுக் கொப்புகள் சீறி எழும்பும். அவை மரத்தின் உள்ளிலிருந்து வந்தவையல்ல, மேல்தோலில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. ஐந்தாறு வருடத்தில் அவை பாரமாகி முறிந்து விழும்போது “வெட்டியும் விழுகிறதே” என்பார்கள்.

அடிமரத்தில் அல்லது வேரில் தட்டையான, பலகைபோல் கடினமான காளான் தெரிந்தால் அது அழகுக்கு வந்ததில்லை. கனோடெர்மா என்ற இனம் நம் நாடுகளில் பரவலானது; வெளியே காளான் தலைகாட்டும் நேரத்தில் உள்ளே பல வருட வேலை முடிந்திருக்கும். தென்னையிலும் இதே கூட்டம்தான். அது தரும் நோய் 1952இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பதிவாகி, அந்த ஊர்ப் பெயராலேயே தஞ்சாவூர் வாடல் நோய் என்று அறியப்பட்டது. அடித்தண்டிலிருந்து செந்நிறச் சாறு கசிவது அதன் அடையாளம்.

தென்னைக்குத் தனிக் கணக்கு. அதற்கு ஆணிவேரும் இல்லை, தடித்த கிளைவேரும் இல்லை. ஒரே தடிப்பில் ஆயிரக்கணக்கான வேர்கள் அடியிலிருந்து புறப்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி அடியைச் சுற்றி இரண்டு மீற்றருக்குள். தண்டுக்குள் புதிதாய்ச் சுற்று வளரும் படலமும் கிடையாது. ஏறுவதற்கு வெட்டிய படி ஐம்பது வருடம் போனாலும் வெட்டாகவே இருக்கும், மழைநீரும் வண்டும் அதற்குள் குடியிருக்கும். ஒலுவில் துறைமுகத்துக்குப் பின் நிந்தவூர்ப் பக்கமாய்க் கடல் அரித்துத் தென்னைகள் சாய்ந்தது இன்னொரு கதை. அதில் எதிர்பாராதது எதுவும் இல்லை; கடல் வருவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றில்லாத உச்சிவெயிலில் நல்ல பச்சைக் கொப்பு ஒன்று சடாரென்று முறிந்து விழுவதும் உண்டு. வெப்ப நாட்களின் பிற்பகலில், நீளமாய்க் கிடையாய் நீண்ட கொப்புகளில் இது நடக்கிறது. உலகெங்கும் பதிவாகியிருக்கிறது, காரணம் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. கச்சான் காலத்தில் ஆடு மாடு கட்டுவதற்கும் பிள்ளைகள் விளையாடுவதற்கும் பெரிய மரத்தின் நீள் கொப்புக்கு நேர்கீழே இடம் தேடாமல் இருந்தால் போதும்.

இவ்வளவையும் படித்துவிட்டு வாசலில் நிற்கும் மரத்தைப் பயத்தோடு பார்க்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் கணக்கெடுத்தபோது, ஒரு வருடத்தில் மரம் விழுந்து சாகும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு கோடியில் ஒருவருக்கு என்று வந்தது. நம் புயல்களும் நம் வீதிகளும் வேறு. எண்ணும் வேறாகத்தான் இருக்கும். இருந்தாலும் வெயிலும் வெறும் வெட்டையும் தரும் துன்பத்தோடு ஒப்பிட்டால் மரம் தரும் ஆபத்து சிறியது. எங்காவது மரம் விழுந்து ஆள் இறந்த செய்தி வந்தால் மறுவாரமே வீதியோரத்து மரங்களையெல்லாம் தறிக்கச் சொல்லும் குரல்களை நான் நம்புவதில்லை. எந்த மரம் என்று பார்க்கச் சோம்பல்படுகிறவர்கள்தான் எல்லா மரத்தையும் வெட்டச் சொல்லுவார்கள்.

பார்ப்பதற்குக் கருவி வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூர் போன்ற இடங்களில் ஒலி அலையை மரத்துக்குள் செலுத்திப் பொந்தை வரைந்து பார்க்கிறார்கள். நமக்கு ஒரு மரச்சுத்தியல் போதும், அடிமரத்தைச் சுற்றித் தட்டிவந்தால் வெறுமையான சத்தம் காட்டிக் கொடுக்கும். மரம் நேராய் நிற்கிறதா என்பதைவிட, போன வருடம் நின்றபடி நிற்கிறதா என்பதே கேள்வி. கன்றிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் அதற்கேற்ப வேர் வைத்திருக்கும். புதிதாய்ச் சாய்ந்த மரத்தின் பின்பக்கம் நிலம் விரிசல் விட்டு, சற்றே உப்பியிருக்கும். அதைக் கண்டால் அன்றைக்கே ஆட்களை விலக்கவேண்டும். இரண்டு தண்டு ஒட்டிப் பிரியும் கவையில் தோல் உள்ளே மடங்கிப் போயிருந்தால் அந்தக் கவை பிளக்கக்கூடியது. இவற்றை மாரிக்கு முன், புரட்டாதியில், ஒருமுறை பார்க்கலாம். முதல் பெருமழை விட்டதும் இன்னொருமுறை. பார்த்ததை எழுதி வைப்பதுதான் முக்கியம். எந்த ஆண்டில் எந்தப் பக்கம் கான் வெட்டினார்கள், எப்போது கிரவல் போட்டார்கள் என்று பள்ளிக்கூடமோ கோவிலோ பள்ளிவாசலோ ஒரு கொப்பியில் குறித்து வைத்திருந்தால், பத்து வருடம் கழித்து வரும் அதிபருக்கோ தர்மகர்த்தாவுக்கோ மரத்தின் அடியில் புதைந்திருப்பது தெரியும். ஆபத்தான மரத்தைப் பற்றிக் கடிதம் கொடுத்தால், வீதி யாருடையது, மரம் யாருடையது என்று அது மேசைக்கு மேசை ஏறி இறங்குவதை ஊரில் எல்லாரும் கண்டிருக்கிறோம். குறிப்பு கையில் இருந்தால் அந்தக் கடிதத்துக்கும் கொஞ்சம் பலம் வரும்.

ஆலமரத்தை மட்டும் தனியே சொல்லவேண்டும். கொல்கத்தா தாவரவியல் பூங்காவின் பேராலில் பூஞ்சணம் பிடித்த நடுமரத்தை 1925இல் வெட்டி அகற்றினார்கள். அடையாறு பிரம்மஞான சபையின் ஆலில் நடுமரம் 1989 புயலில் சாய்ந்தது. இரண்டும் இன்றும் விழுதுகளில் நிற்கின்றன. நம் கோவில் முன்றல்களில் தொங்கும் விழுதைத் ‘துப்புரவு’ என்ற பெயரில் கத்தரித்துவிடுகிறோம். பிள்ளைகள் ஊஞ்சலாடுவார்கள், வாகனம் நிறுத்த இடைஞ்சல் என்று காரணம் வேறு. அந்த மரம் தனக்குத் தானே நாட்டவந்த தூண்களைத்தான் வெட்டுகிறோம். தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே உள்ள பில்லலமர்ரி ஆல் கறையான் அரித்துக் கொப்பு முறிந்து விழுந்தபின், 2018இல் அதற்கு ஆசுபத்திரியில் ஏற்றுவதுபோல் சேலைன் போத்தல் கட்டி மருந்து ஏற்றினார்கள், விழுதுகளைக் குழாய்க்குள் விட்டு நிலத்துக்கு வழிகாட்டினார்கள். சேலைனுக்குச் செலவுண்டு. குழாய்க்குப் பதில் கணு உடைத்த மூங்கிலும் அதற்குள் நல்ல மண்ணும், கோடையில் தண்ணீரும் போதும். எந்தக் கொப்பு நீண்டு பாரமாய் இருக்கிறதோ அதன் கீழ் இரண்டு விழுதை இறக்கிவிட்டால், மூன்று நான்கு மாரியில் அவை தரை பிடித்துவிடும்.